வேதியியல் குழு: பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பவை

திருவாரூர் மாவட்டத்தில் கடலோரத்தை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு ஒன்றும் பத்தாம் வகுப்புக்கு ஒன்றுமாக இரண்டு வாட்ஸ்அப் குழுக்களை நடத்தி வருகிறேன். பெற்றோர் கூட்டத்திலும், பஸ் ஸ்டாண்டிலும், சில நேரம் மளிகைக் கடையிலும்கூட இந்தக் குழுக்களைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வகுப்புக் குழு ஏற்கெனவே இருக்கிறதே, இது என்ன தனிக் குழு?

வகுப்புக் குழு அறிவிப்புப் பலகை மாதிரி. நாளைக்கு லீவா, எத்தனை மணிக்கு வரவேண்டும், உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது எல்லாரும் அவசரமாகத் தொடங்கியது அதைத்தான். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடும் அச்சாகியிருந்தது. ஆனால் பாடம் பார்த்த பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் டிவியிடம் கேட்க முடியாது. அந்தக் குறைக்காகத் தொடங்கியதுதான் பாடக் குழு. ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்ல, மூன்றாமவர் "அது தப்பு" என்று குறுக்கே வர ஓர் இடம். பள்ளி திறந்தபின் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை.

மற்ற பாடங்களைவிட வேதியியலுக்கு இது ஏன் அதிகம் தேவை?

வேதியியலில் ஒரே விஷயம் மூன்று வேடத்தில் வரும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று: சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அணு, அயனி, மூலக்கூறு என்று உள்ளே நடப்பது இன்னொன்று. அதையே குறியீடாகவும் சமன்பாடாகவும் எழுதுவது மூன்றாவது. கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்று முனைக்கும் தாவுகிறார், புதிதாகப் படிக்கிறவர்களால் கூடவே தாவ முடிவதில்லை என்பது அவர் சொன்னது. கரும்பலகை முன்னால் நிற்கும் நானும் அதைத்தான் செய்கிறேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் பாடத்தை முடிக்க வேண்டுமே.

வகுப்பில் தவறவிட்ட அந்தத் தாவலை இரவு ஏழரை மணிக்குத் திரும்பக் கேட்க முடிகிறது. "மிஸ், சமன்பாட்டுல ரெண்டுன்னு முன்னாடி போட்டீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு?" இந்தக் கேள்வியை வகுப்பில் கை தூக்கிக் கேட்க ஒரு பதினோராம் வகுப்புப் பையனுக்குக் கூச்சம். பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம். போனில் கேட்பதற்கு அவ்வளவு கூச்சப்படுவதில்லை.

குழுவில் சேர்ந்தால் வேதியியலில் ஆர்வம் வந்துவிடுமா?

தானாக வராது. ஈடுபாடு என்று நாம் மொத்தமாகச் சொல்வதை ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2004-இல் மூன்றாகப் பிரித்தார்கள். வேலையைச் செய்வது, பாடத்தின்மேல் விருப்பம் வருவது, மூளையைக் கசக்கி யோசிப்பது. குழுவால் முதலாவது சுலபமாக வந்துவிடுகிறது. எல்லாரும் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒருவன் எழுதியதை பன்னிரண்டு பேர் பார்த்து எழுதி அனுப்பினாலும் கணக்கில் பதின்மூன்று வந்துவிடும்! இரண்டாவது, நண்பர்கள் இருப்பதால் ஓரளவு வரும். மூன்றாவதுதான் கஷ்டம். கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அது வருகிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மோல் கருத்து நடத்தி ஒரு வாரம் கழிந்திருக்கும். ஒரு பையன் யூரியா மூட்டையைப் படம் எடுத்துப் போட்டான். குழுவே விழித்துக்கொண்டது. மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அவன் கணக்குப் போட்டிருக்கிறான்: யூரியாவின் மூலக்கூறு நிறை 60, அதில் நைட்ரஜன் 28, ஆக 46.67 வருகிறது. "மீதி 0.67 எங்கே போச்சு மிஸ்? கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரவு முழுக்கச் சண்டை. ஈரம் இருக்கும் என்றாள் ஒருத்தி. தூய பொருளாக இருக்காது என்றான் இன்னொருவன். வேளாண் துறையில் வேலை பார்க்கும் மாமாவைக் கேட்டு ஒரு பிள்ளை 'பையூரெட்' என்ற பெயரைக் கொண்டுவந்தாள். யூரியா தயாரிக்கும்போது சூட்டில் இரண்டு யூரியா மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் அம்மோனியா வெளியேறினால் உண்டாகும் துணைப்பொருள் அது. அதில் நைட்ரஜன் விகிதம் யூரியாவைவிடக் குறைவு. தவிர, மூட்டையில் அச்சிடுவது இதற்குக் குறையாது என்ற உத்தரவாத அளவு. மறுநாள் வகுப்பில் அதே மூட்டையை வைத்தே மோல் கணக்குப் போட்டோம். 45 கிலோ யூரியா என்றால் 45,000 கிராம், ஒரு மோல் 60 கிராம் என்பதால் 60-ஆல் வகுத்தால் 750 மோல். என்னமோ நமக்காகவே மூட்டை கட்டியது போல முழு எண்ணாக வந்தது. மூட்டையில் போட்ட 46 சதவீதப்படி நைட்ரஜன் மட்டும் 20.7 கிலோ. அதுவரை ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் என்பதை மனப்பாடம் செய்துவைத்திருந்த பிள்ளைகள், மோல் என்பது எண்ணுவதற்கான அளவு என்று அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் போட்டிருந்தால் நாலு பேர் பதில் எழுதியிருப்பார்கள். அவன் போட்டதால் முப்பது பேர் வந்தார்கள்.

என் மகள் குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதுவதில்லை. பயன் உண்டா?

உண்டு. எழுதாதவர்கள் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எந்தக் குழுவிலும் பேசுகிறவர்கள் சிலர், கேட்கிறவர்கள் பலர். திண்ணைப் பேச்சிலும் அப்படித்தானே? ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதும் கற்றலின் தொடக்கம்தான் என்று கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சுவாமிமலையில் சிற்பப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே மெழுகு உருவம் பிடிக்க மாட்டான். மண் பிசைவான், பார்த்துக்கொண்டிருப்பான். உருக்கிய உலோகம் ஊற்றும் நாளில் தள்ளி நின்று கவனிப்பான்.

ஆனால் வருடம் முழுக்க ஓரத்திலேயே விட்டுவிடவும் கூடாது. பேசாத பிள்ளைகளுக்கு நான் சின்ன வேலை கொடுப்பேன். வாரத்துக்கு ஒருமுறை வாக்கெடுப்பு வைப்பேன்: தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் எது, மூன்று விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். தொட்டபின் "ஏன்?" என்று தனியாகக் கேட்பேன். தனிச் செய்தியில் அருமையாக எழுதும் பெண் பிள்ளைகள் நிறைய. அவர்கள் அனுமதித்தால் பெயர் போடாமல் அதைக் குழுவில் பகிர்வேன். நாலைந்து முறை அப்படி நடந்ததும் சிலர் தாங்களே எழுதத் தொடங்குவார்கள். சிலர் கடைசிவரை எழுத மாட்டார்கள், பரீட்சையில் மட்டும் நன்றாக எழுதுவார்கள். அதுவும் சரிதான்.

நிறைய பிடிஎஃப் வருகிற குழு நல்ல குழுதானே?

இல்லை. ஒன் வேர்டு தொகுப்பு, புக் பேக் விடைகள், முக்கிய வினாக்கள், போன வருடக் கேள்வித்தாள், அதற்கு முந்தைய வருடக் கேள்வித்தாள் என்று ஒரு நாளைக்கு இருபது கோப்பு வந்து விழுந்தால் பிள்ளை எதைப் படிப்பாள்? சேமித்து வைத்ததே படித்தது போன்ற நிம்மதியைத் தருகிறது. நானும் முதல் வருடம் இந்தத் தப்பைச் செய்தேன். ஆறு மாதத்தில் கேள்வி கேட்பது அறவே நின்றுபோனது. பரணில் பாத்திரம் அடுக்குவது போல நான் அடுக்கிக்கொண்டே போனேன், சமைக்க ஆளில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு கோப்பு, அதற்கு மேல் இல்லை. குழு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: இந்த வாரம் பிள்ளைகள் போட்ட கேள்விகள் எத்தனை?

குழுவில் யாராவது தப்பான விடை போட்டால் எல்லாரும் அதைப் படித்துவிடுவார்களே?

படிப்பார்கள். அதனால்தான் அழிக்காதீர்கள் என்கிறேன். "உப்பு தண்ணீரில் கரைவது வேதி மாற்றம்" என்று ஒருவன் எழுதினால், அப்படி நினைக்கும் இன்னும் பத்துப் பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். "அப்படியென்றால் வேதாரண்யத்தில் வெயிலில் காயவைத்து எப்படி அதே உப்பைத் திரும்ப எடுக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். ஒரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். அப்புறம் நான் வந்து முடித்துவைப்பேன். முடித்துவைக்க ஆசிரியர் கட்டாயம் வேண்டும். யாரும் முடிக்காத விவாதத்தில் கடைசியாகச் சத்தமாக எழுதியவன் சொன்னதே விடையாகிவிடும்.

காத்திருக்கவே கூடாத இடமும் உண்டு. பாதுகாப்பு தொடர்பான தப்பு. அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றலாம் என்று யாராவது எழுதினால் அந்த நிமிடமே அழித்துவிட்டு, தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதுவேன். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் கலந்து பார்க்கும் வீடியோ ஒன்று ஒருமுறை குழுவுக்கு வந்தது. கலந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன்.

போனைப் பார்த்தால் வேதியியல் வந்துவிடுமா? ஆய்வகம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். பியூரெட்டில் திருகைத் திறந்து, கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நிற்கும் அந்த நொடி திரையில் கிடைக்காது. கணினியில் செய்து பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. அம்ரிதா பல்கலைக்கழகமும் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனமும் சேர்ந்து செய்த ஓலேப்ஸ், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இரண்டும் இலவசம். சமன்பாட்டைச் சமன்செய்யவும், அமில-கார அளவான பி.எச். மாறுவதைப் பார்க்கவும் நல்ல உதவி. ஆய்வகத்துக்குப் போகும் முதல் நாள் இரவு அதைச் செய்துவிட்டு வந்தால் மறுநாள் கை நடுங்காது. அதற்குத்தான் நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

இதைவிட நன்றாகப் பலிப்பது வீட்டுச் சோதனை. நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மஞ்சள் கரைசலில் போட்டால் ஆரத்தி சிவக்கிறது. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். காரமும் அமிலமும் நிறங்காட்டியும் பூஜை அறையிலேயே இருக்கின்றன. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பது ஏன் என்று கேட்டால் டார்டாரிக் அமிலத்தில் போய் நிற்கும். போர் தண்ணீரைப் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது, மறுநாள் காலையில் வாளி அடியில் செம்பழுப்பாகப் படிகிறது. கரைந்திருந்த இரும்பு காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததன் விளைவு அது. ஒரு டிசம்பரில் வாளிப் படங்களாகக் கேட்டேன். எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்துக்குப் போர் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளே விசாரித்து எழுதினார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே நிறம் வித்தியாசப்பட்டது. வகுப்பில் முப்பது பேர் ஒரே சோதனையைச் செய்து ஒரே விடை எழுதுவார்கள். இங்கே முப்பது வாளி, முப்பது விடை.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவிடம். என்ன செய்வது?

இதுதான் உண்மையான பிரச்சினை. அப்பா வயலுக்கோ வேலைக்கோ போனால் போனும் போகும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் பல வீட்டில் இரவு எட்டுக்கு முன் போன் பிள்ளை கைக்கு வராது. மழைக்காலத்தில் மின்சாரமே இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை நாள் இருட்டாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் குழுவில் எதற்கும் "இன்றே பதில்" என்று நான் கேட்பதில்லை. ஒரு கேள்விக்கு மூன்று நாள். வீடியோவுக்குப் பதில் ஒரு படம், இரண்டு நிமிடக் குரல் பதிவு. டேட்டா கொஞ்சம்தான் ஆகும், போன் பழசாக இருந்தாலும் திறக்கும். போனே இல்லாத பிள்ளைகளுக்காக, வாரம் ஒருமுறை குழுவில் நடந்த நல்ல விவாதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன், அவர்கள் நோட்டில் எழுதித் தரும் கேள்வியை நானே தட்டச்சு செய்து போடுவேன். மார்க் கொடுக்கிற எந்த வேலையையும் குழு வழியாக வைப்பதில்லை. வைத்தால், போன் இருக்கிற வீட்டுக்கு மட்டும் மார்க் கொடுப்பது போலாகிவிடும்.

தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே குழுவில் இருக்கலாமா?

இருக்கட்டும். முதலில் கொஞ்சம் குழம்பும், அப்புறம் லாபம். பதினோராம் வகுப்பில் 'எலக்ட்ரான் நாட்டம்', 'எலக்ட்ரான் கவர்தன்மை' என்று இரண்டு சொற்கள் வரும். பேச்சுத் தமிழில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் கேட்கும். தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல் முதலாவது. பிணைப்பில் இருக்கும் அணு, பகிர்ந்த எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் பண்பு இரண்டாவது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். தமிழ்வழிப் பிள்ளை "நாட்டம்னா ஆசை, கவர்றதுன்னா இழுக்குறது, அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டபோதுதான் அவர்களுக்கும் தெரியாது என்று தெரிந்தது. குழுவில் எந்த மொழியிலும் எழுதலாம், தங்கிலீஷிலும் எழுதலாம். பரீட்சையில் மட்டும் புத்தகச் சொல்.

நீட் குழுக்களில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அது வேறு வகை. வேதியியலில் 45 கேள்வி, சரியென்றால் 4 மதிப்பெண், தப்பென்றால் 1 குறையும். அங்கே நடப்பது வேகப் பயிற்சி. பயிற்சி நல்லதுதான். படித்ததைத் திரும்பப் புரட்டுவதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து விடை சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006 ஆய்வு காட்டியது. தினசரி வினாடி வினா அந்த வகையில் உதவும். என் வருத்தம் வேறு. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் குழுவில் தரவரிசைப் பட்டியல் இரவு பத்து மணிக்கு வரும். அடியில் பெயர் இருக்கும் பிள்ளை மறுநாள் என் வகுப்பில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். பதினோராம் வகுப்பு முதல் பருவத்தில் அங்கே சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. அடிப்படை பிடிபடட்டும்.

ஏஐ-யிடம் கேட்டாலே பதில் வருகிறதே, குழு எதற்கு?

கேட்கட்டும், தடுக்கவா முடியும்? அது தந்த விடையைக் குழுவில் போட்டு எங்கே தப்பு என்று தேடச் சொல்வேன். ஆர்வமாகத் தேடுகிறார்கள். பக்கத்துத் தெரு வாளி ஏன் சிவக்கவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

என் பிள்ளையின் நம்பர் எல்லாருக்கும் தெரியுமே?

வாட்ஸ்அப் குழுவில் தெரியும். அதனால் எங்கள் குழுவில் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பா எண்தான் இருக்கிறது. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், ஆனால் தெரியாதவர்கள் உள்ளே வர அங்கே வழி அதிகம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே வைக்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்கிறேன். அழைப்பு இணைப்பை வெளியே பகிர்வதில்லை. இன்னோர் ஆசிரியையும் அட்மின். இரவு ஒன்பதுக்கு மேல் குழு பூட்டு. படம் அனுப்பினால் பொருள் மட்டும், முகம் வேண்டாம்.

மார்க் ஏறுமா?

நேராகக் கேட்டதற்கு நன்றி. பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் உதவுகிறது, ஏன் என்று கேட்கும் கேள்விகளில் உதவுகிறது. மனப்பாடப் பகுதிக்கு உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும், அதற்குக் குழு இடைஞ்சலாகக்கூட இருக்கலாம். பப்ளிக் தேர்வுக்கு முந்தைய மாதம் நானே குழுவின் நேரத்தை அரை மணியாகக் குறைத்துவிடுவேன்.

தேர்வு முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுவீர்களா?

கலைப்பதில்லை. பழைய பிள்ளைகள் வெளியேறுவதும் இல்லை. போன ஏப்ரலில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருத்தி வேதாரண்யத்தில் சித்தப்பாவின் உப்பளத்துக்குப் போயிருந்தாள். பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறாள். கரிக்காமல் கசந்திருக்கிறது. "உப்புத் தண்ணி ஏன் மிஸ் கசக்குது?" நான் பேசாமல் இருந்தேன். பதினோராம் வகுப்பு முடித்த ஒரு பையன் இரண்டாம் நாள் எழுதினான்: "அக்கா, சோடியம் குளோரைடு முதல்ல படிஞ்சு போயிடும், மெக்னீசியம் உப்பு தண்ணியிலயே தங்கிடும். கசப்பு அதோடது." அதற்கு அவள்: "அப்ப அதுக்கும் முன்னாடி இருந்த பாத்தியில வெள்ளையா ஊசி மாதிரி படிஞ்சிருந்துச்சே, அது என்ன?"

அது ஜிப்சம். இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.